மிச்சம் பிடிக்கிறதா, முதல்ல கட்டுறதா?

கேள்வி: 8 ஜூன் 2025

வயசு 29. ராணிப்பேட்டை சிப்காட்ல பெரிய ஷூ கம்பெனி ஒண்ணுல வேலை. பிடிப்பெல்லாம் போக கைக்கு 19,400 வருது. பத்தாம் தேதி சம்பளம், இருபதுக்குள்ள காலி. "சம்பளம் வந்ததும் முதலீட்டுக்கு எடுத்து வை, மீதியில செலவு பண்ணு"ன்னு பார்க்கிறவங்க எல்லாம் சொல்றாங்க. லட்சத்துல வாங்குறவங்க பேசுற பேச்சு இது. எங்களை மாதிரி ஆளுக்கு மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானே சேர்க்கிறது? நிஜமா செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. தத்துவம் வேண்டாம்.

பதில்: 8 ஜூன் 2025, இரவு

செஞ்சும் பார்த்திருக்கேன், கெடுத்தும் பார்த்திருக்கேன். நானும் ஷூ கம்பெனிதான், ஸ்டோர்ஸ்ல 26 வருஷம். ஒரே மூச்சுல எழுத முடியாது, அப்பப்ப வர்றேன்.

முதல்ல அந்த 'மிச்சம்'. நம்ம பக்கம் சேமிப்புக்குப் பேரே மிச்சம் பிடிக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பானை அடியில ஒட்டியிருக்கிறதைச் சுரண்டுற மாதிரி. அந்தக் கணக்குல பார்த்தா எனக்கும் எந்த மாசமும் மிச்சம் இருந்ததில்லை.

எங்க அம்மா குடியாத்தத்துல போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஏஜென்ட். ஆர்டின்னா மாசாமாசம் ஒரே தொகையைக் கட்டிக்கிட்டு வந்து, அஞ்சு வருஷம் முடிஞ்சதும் வட்டியோட வாங்குறது. வீடு வீடாப் போய் வாங்கி, மொத்தமாக் கொண்டுபோய்க் கட்டி, அவங்கவங்க கார்டுல கையெழுத்து போட்டுத் தரணும். நூத்துக்கு நாலு ரூபா கமிஷன். லுங்கித் தறி ஓடுற வீடு, பீடி சுத்துற வீடு, தீப்பெட்டி ஒட்டுற வீடு, இதுதான் அம்மாவோட லைன். அந்த வீடுங்கள்ல யாரும் மிச்சம்னு பேசி நான் கேட்டதில்லை. ஆர்டி 'கட்டணும்'பாங்க. வாடகை கட்டுறது, கரன்ட் பில்லு கட்டுறது, சீட்டு கட்டுறது, அந்த வரிசையில ஆர்டியும் ஒண்ணு. கட்டணும்னு சொல்லிட்டா அது பாக்கி. பாக்கின்னா ஆள் வந்து வாசல்ல நிக்கும்.

அம்மா சனிக்கிழமை சாயந்திரம்தான் கிளம்பும். தறிக்கூலி அன்னிக்குத்தான் கைக்கு வரும். எனக்கு அப்போ பத்து வயசு, பையைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே போவேன். சனிக்கிழமை டிவியில படம் போயிடுதேன்னு, ஞாயித்துக்கிழமை போலாமேன்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை போனா வூட்ல இன்னா கீது? காசு கறிக்கடையில கீது"ன்னுச்சு.

9 ஜூன் 2025

தூங்கி எழுந்ததும் தோணுச்சு, கேட்டவருக்கு நேத்து நேரடியா ஒண்ணும் சொல்லலை.

நீங்க ஏற்கெனவே முதல்ல எடுத்து வைக்கிறீங்க சார். சம்பளச் சீட்டைப் பாருங்க. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000ன்னு வெச்சா அதுல 12 சதவீதம், 1,800 ரூபா பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிச்சிருப்பாங்க. கம்பெனியும் 1,800 போடுது. அதுல 1,250 பென்ஷனுக்குப் போயிடும், 550 உங்க பிஎஃப் கணக்குக்கு வரும். ஆக மாசம் 2,350. 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். இதே தொகை, இதே வட்டின்னு வெச்சுக்கிட்டா 20 வருஷத்துல பதிமூணு பதினாலு லட்சம் நிக்கும். கைக்கு வராத காசுங்கிறதால உங்களுக்கு அது காசாவே தெரியலை. எனக்கும் தெரியலை. அந்தக் கூத்து ஒண்ணு இருக்கு, அப்புறம் சொல்றேன்.

11 ஜூன் 2025

எந்தத் தேதியில கட்டுறதுன்னு கேட்டிருக்கார் ஆம்பூர்க்காரர். இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்டிக்கு ஒரு விதி. மாசம் 15ஆம் தேதிக்குள்ள கணக்கு ஆரம்பிச்சா ஒவ்வொரு மாசமும் 15க்குள்ள கட்டணும். 16ல இருந்து ஆரம்பிச்சா மாசக் கடைசி வேலை நாள் வரைக்கும் டைம். அம்மா ஆளைப் பார்த்து ஆரம்பிச்சு வைக்கும். கூலி எப்போ வரும்னே தெரியாத வீடா, 16க்கு மேல. சம்பளக்காரன் வீடா, 15க்குள்ள. "அவன் கையில ரெண்டு வாரம் துட்டு இருக்கக் கூடாதுடா"ன்னும்.

கம்பெனிக்காரங்களுக்கு இன்னொண்ணு. 1936ல வந்த ஊதியம் வழங்கல் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவா வேலை செய்யற இடத்துல 7ஆம் தேதிக்குள்ள சம்பளம், அதுக்கு மேல இருந்தா 10ஆம் தேதிக்குள்ள. பிபிஎஃப் வேற கணக்கு, நாமளே போய் ஆரம்பிக்கிற பொது வருங்கால வைப்பு நிதி. அதுல 5ஆம் தேதி முடியற நேரத்துல இருந்து மாசக் கடைசி வரைக்கும் எது குறைஞ்ச இருப்போ அதுக்குத்தான் வட்டி. நான் பல வருஷமா 7ஆம் தேதி சம்பளம் வாங்கி, 8ஆம் தேதி பிபிஎஃப் கட்டிக்கிட்டு இருந்தேன். கட்டின மாசத்துக்கு அந்தப் பணத்துக்கு வட்டியே கிடையாது. பெரிய நஷ்டம்.

11 ஜூன் 2025, அரை மணி நேரம் கழிச்சு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கட்டுறது 1,500. 7.1 சதவீதத்துல ஒரு மாச வட்டி ஒன்பது ரூபாகூட வரலை. ஒரு டீக்குப் பத்தாது. 'பெரிய நஷ்டம்'ங்கிறதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒன்பது ரூபாய்க்காகப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட கைமாத்து வாங்கி 5ஆம் தேதி கட்டாதீங்க.

ஏப்ரல் 5க்குள்ள வருஷ வரம்பான ஒன்றரை லட்சத்தையும் மொத்தமாப் போட்டா முழு வட்டியும் வரும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். வணக்கம் சார். அந்த ஒன்றரை லட்சத்தை எங்க வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

15 ஜூன் 2025

எவ்வளவு எடுத்து வைக்கிறது? இருபது சதவீதம்னு ஒருத்தர், முப்பதுன்னு ஒருத்தர். பெங்களூர்ல இருக்கிற எங்க அக்கா பையன் ஐம்பதுங்கிறான். கல்யாணம் ஆகலை, ஆஃபீஸ்லயே சோறு போடுறாங்க, சொல்லுவான்.

அம்மா புதுசா ஆள் பிடிக்கும்போது எவ்வளவு கட்டுவீங்கன்னு கேட்கும். அவங்க ஐநூறுன்னா முன்னூறுன்னு எழுதும். ஏஜென்டுக்குக் கமிஷன் குறையுமே, பைத்தியமான்னு நினைச்சிருக்கேன். ஆர்டியில ஒரு மாசம் தவறினா நூறு ரூபாய்க்கு ஒரு ரூபா அபராதம். நாலு தவணைக்கு மேல விட்டா கணக்கே நின்னுடும். நின்ன கணக்கால அம்மாவுக்கும் லாபமில்லை. ஐநூறு எழுதி அஞ்சு மாசத்துல நிக்கிறதைவிட முன்னூறு எழுதி அறுபது மாசம் ஓடினா எல்லாருக்கும் நல்லது. இப்போதைய 6.7 சதவீதத்துல மாசம் 1,000 கட்டினா அஞ்சு வருஷத்துல 60,000 போட்டு 71,366 வாங்கலாம். 300ன்னா அதுல பத்துல மூணு பங்கு.

இதெல்லாம் விலைவாசிக்கே சரியாப் போயிடும், எஸ்ஐபி போடு மாமாங்கிறான் அக்கா பையன். மாசாமாசம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்டுல போடுறதுதான் அது. அவன் சொல்றதும் தப்பில்லை. பங்குச் சந்தைக் குறியீட்டோடவே ஏறி இறங்குற இண்டெக்ஸ் ஃபண்டுல மாசம் 1,000, வருஷத்துக்குப் பத்து சதவீதம்னு வெச்சா பத்து வருஷத்துல 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, இருபது வருஷத்துல 7.6 லட்சம். ரெண்டாவது பத்து வருஷத்துலதான் அது குதிக்கிறது. ஆனா அந்தப் பத்து சதவீதத்தை யாரும் பத்திரத்துல எழுதித் தரலை. நான் 2018ல 1,000 ரூபாய்க்கு ஆரம்பிச்சேன். 2020 மார்ச் 23ஆம் தேதி பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,935 புள்ளி விழுந்து 25,981ல முடிஞ்சுது. ரெண்டு நாள்ல ஊரடங்கு, கம்பெனி கேட்டைப் பூட்டிட்டாங்க, அப்புறம் அரைச் சம்பளம். எஸ்ஐபியை நிறுத்தினேன். "கீழ இருந்தப்போ நிறுத்திட்டியே மாமா"ன்னு இன்னிக்கு வரைக்கும் குத்திக் காட்டுறான். கீழ இருந்தது சென்செக்ஸ் மட்டும் இல்லையே.

இன்னொண்ணு. ஆட்டோ டெபிட் தேதியைச் சம்பளத்துக்கு அடுத்த நாளே வெச்சிடாதீங்க. ஒரு மாசம் சம்பளம் 9ஆம் தேதி வந்துச்சு, டெபிட் 8ஆம் தேதி. பணம் இல்லைன்னு பேங்க் 295 ரூபா பிடிச்சிட்டாங்க. அம்மாவா இருந்தா "சரி, திங்கக்கிழமை வர்றேன்"னு போயிருக்கும்.

22 ஜூன் 2025

மாசச் சம்பளம் இல்லாதவங்க என்ன பண்றதுன்னு கேள்வி வந்திருக்கு. இதுக்கு என்கிட்ட சொந்த அனுபவம் இல்லை. காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோக்காரர் ஒருத்தரைத் தெரியும், அவர் பழக்கத்தைச் சொல்றேன்.

சீட்டுக்கு அடியில ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு வெச்சிருக்கார். விடியக்காலை ரயில்ல இறங்குற ஆளை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு விடுவார், வங்காளத்துக்காரங்க நிறைய வருவாங்க. அன்னிக்கு வர்ற முதல் சவாரிக் காசு அந்த பாட்டிலுக்குப் போகும். போணி காசு. அதுல சில்லறைகூட மாத்தமாட்டார். ஒருநாள் என்கிட்ட பாக்கி தர நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லாம டீக்கடைக்கு ஓடினார், பாட்டில் நிறைய பத்தும் இருபதுமா தெரியுது. வாரத்துக்கு ஒருதரம் பேங்க்ல போடுறார். முதல் சவாரி நல்ல சவாரியா இருந்தா நல்லா விழும், ஷேர் ஆட்டோ மாதிரி இருபது ரூபா கிடைச்சா இருபதுதான். சதவீதமும் கிடையாது, தேதியும் கிடையாது. வருமானம் ஏறினா தானா ஏறும், இறங்கினா இறங்கும்.

அவருக்கு அது சேமிப்புன்னு தோணவே இல்லை, சாமி காசு மாதிரி பேசுறார். பொண்ணுக்கு பத்து வயசு ஆகறதுக்குள்ள பெண் குழந்தைங்களுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிச்சிடுங்கன்னு சொன்னேன், இப்போ 8.2 சதவீதம். பத்து தாண்டினா அதுல சேர முடியாது. ஆரம்பிச்சாரான்னு கேட்கலை.

6 ஜூலை 2025, ஞாயிறு

பீரோவை ஒழிக்கும்போது பழைய கணக்கு நோட்டு கிடைச்சுது. காலையில இருந்து அதையே புரட்டிக்கிட்டு இருக்கேன். மேல ரொம்ப ஞானி மாதிரி எழுதியிருக்கேன், கொஞ்சம் இறக்கிக்கணும்.

2013 ஆகஸ்ட். அப்பாவுக்கு ஆபரேஷன். அம்மா சேர்த்து வெச்ச கமிஷன் காசைக் கொடுத்துச்சு, பத்தலை. நான் வீட்டுக்காரியோட தாலிச் சங்கிலியை அடகுக் கடையில வெச்சு 60,000 வாங்கினேன். ரெண்டு வட்டி. அதாவது நூத்துக்கு மாசம் ரெண்டு, வருஷத்துக்கு 24. அம்மாகிட்ட கம்பெனியில அட்வான்ஸ் தந்தாங்கன்னு சொல்லிட்டேன்.

அதே சமயத்துல அம்மா லைன்ல எனக்கும் ஒரு ஆர்டி, மாசம் 2,000. அதை நிறுத்தணும்னு தோணுச்சு. நிறுத்தினா ஏன்னு கேட்கும். அதனால கட்டினேன். நோட்டுல ரெண்டும் அடுத்தடுத்த வரியில இருக்கு. 'ஆர்டி 2000. வட்டி 1200.' 26 மாசம். என் கையெழுத்துதான், ஒரு மாசம்கூட ரெண்டையும் சேர்த்துப் படிச்சதா ஞாபகம் இல்லை.

இன்னிக்குக் கூட்டினேன். அந்த 26 மாசத்துல ஆர்டிக்குக் கட்டினது 52,000. அப்போ வட்டி 8.3, 8.4. அதுல எனக்குச் சேர்ந்தது ஏறக்குறைய 4,900. அடகுக் கடைக்கு வட்டியா மட்டும் போனது 31,200. அசல் 60,000 அப்படியே. ஆர்டிக்குப் போன 2,000ஐயும் சேர்த்து மாசாமாசம் 3,200ஆ அடகுக் கடையிலேயே கட்டியிருந்தா 24 மாசத்துல சங்கிலி கழுத்துக்கு வந்திருக்கும், வட்டியும் 16,000க்குள்ள முடிஞ்சிருக்கும். ஆர்டி வட்டியைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் பத்தாயிரம் காணோம். இதைத்தான் நான் ஊர்ல 'முதல்ல சேமிச்சுடுவேன்'னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது.

சங்கிலியை அடகு வெச்ச அந்த வாரமே அம்மா எங்க வீட்டுக்கு வந்துச்சு. வீட்டுக்காரி மஞ்சள் கயித்தைப் புடவைக்குள்ள இழுத்து விட்டுக்கிட்டே காபி கொண்டாந்து வெச்சா. அம்மா கழுத்தைப் பார்த்துச்சு. என்னைப் பார்க்கலை. பையில இருந்து கார்டுங்களை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழட்டி, என் கார்டைத் தேடி எடுத்துக் கையெழுத்து போட்டுச்சு. "2,000 சரியா கீதா, எண்ணிட்டியா"ன்னு கேட்டுச்சு, அவ்வளவுதான். அடுத்த மாசமும் வந்துச்சு.

7 ஜூலை 2025

சங்கிலி என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. மீட்டாச்சு. 2015 அக்டோபர், தீபாவளி போனஸும் ஆர்டி மேல எடுத்த லோனும் போட்டு. 12 தவணை கட்டினா இருப்புல பாதி வரைக்கும் லோன் தருவாங்க, ஆர்டி வட்டிக்கு மேல ரெண்டு சதவீதம்தான். இது 12 தவணை முடிஞ்சதுமே என் மண்டையில ஏறியிருக்கணும். ஏஜென்ட் பையன்!

வாலாஜாக்காரர் ஒருத்தர் மடக்கியிருக்கார்: "ஆர்டியை நிறுத்தியிருந்தா அந்த 2,000ஐ நிஜமா அடகுக் கடையில கொண்டுபோய்க் கட்டியிருப்பீங்களா?"

நேத்து ராத்திரி முழுக்க இதுதான் ஓடிச்சு. கட்டியிருக்க மாட்டேன். அடகுக் கடைக்காரர் அசலைக் கேட்கவே மாட்டார் சார். வட்டி கொடுத்தா சிரிச்சுக்கிட்டே துண்டுச் சீட்டுல எழுதித் தருவார், தண்ணி குடிக்கிறீங்களாம்பார். அசலுக்கு ஆயிரம் கொடுத்தா அவருக்கு அதுல என்ன லாபம்? வாசலுக்கு வந்து கேட்டது அம்மா மட்டும்தான். அதனால நேத்துப் போட்ட பத்தாயிரம் கணக்கு காகிதத்துல சரி, என் விஷயத்துல சரியான்னு தெரியலை. ஆர்டி இல்லாட்டி 52,000மும் இருந்திருக்காது, சங்கிலி இன்னும் ரெண்டு வருஷம் உள்ளேயே இருந்திருக்கும்னும் சொல்லலாம்.

இருந்தாலும் ரெண்டு வட்டியில கடனை வெச்சுக்கிட்டு ஏழு எட்டு சதவீதத்துக்குச் சேர்க்கிறது கிறுக்குத்தனம்தான். அதை மாத்திச் சொல்ல மாட்டேன். குழுக்கடன், அடகு, கைமாத்து வட்டி எது இருந்தாலும் முதல் கட்டு அதோட அசலுக்குப் போகட்டும். யாராவது ஒருத்தரை மாசாமாசம் வந்து கேட்கச் சொல்லுங்க, விளையாட்டுக்குச் சொல்லலை.

17 ஆகஸ்ட் 2025

ஒரு மாசமா இழை எங்கெங்கயோ போயிடுச்சு. வேலூர்னா ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, அதோட 'காசு இல்லாத பாஸ்புக்'கையும் சேர்த்துக்கணும்னு ஒருத்தர். அந்தப் பழமொழி காலாவதி ஆகிடுச்சுங்க. ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டார். பாலாறு 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடிச்சு. ராஜா மட்டும்தான் பாக்கி.

நகைச்சீட்டு ஏன் 11 மாசம்னு கேட்டிருந்தாங்க. கம்பெனி சட்டப்படி பொருளுக்குன்னு வாங்குற முன்பணத்தை 365 நாளுக்குள்ள நேர் பண்ணிடணும், இல்லாட்டி அது டெபாசிட் ஆகிடும், டெபாசிட்னா கட்டுப்பாடு ஜாஸ்தி. 2014ல இருந்து இந்த விதி. அதனால 11. கடைசியில காசா வராது, நகையாத்தான் வரும், சேதாரம் செய்கூலி என்னன்னு சேரும்போதே கேட்டுக்குங்க.

தீபாவளிச் சீட்டு பத்தி எழுதக் கை வரலை, எழுதிடறேன். 2022ல மாசம் 500, பன்னெண்டு மாசம். மளிகை, ஸ்வீட், பட்டாசு, ஒரு வெள்ளிக் காசு தர்றதாப் பேச்சு. நடத்தினவர் வீடு எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி போய்ப் பார்த்தா பூட்டு. புகார் கொடுத்தவங்களோட நானும் போய்க் கையெழுத்து போட்டேன். இந்த மாதிரி கேஸுக்குன்னே 1997ல தமிழ்நாட்டுல முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 6,000 இன்னும் வரலை.

அம்மா திட்டலை. "அவன் உனுக்கு இன்னா குடுத்தான்?"னு கேட்டுச்சு. கார்டுன்னேன். "கார்டு எவன் வேணா அடிப்பான். நான் குடுக்கிற கார்டையே நம்பாத, வருஷத்துக்கு ஒருவாட்டி பாஸ்புக்கை வாங்கிப் பாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன், என் புள்ளைக்கு மட்டும் சொல்லலை."

மேல நான் 'யாராவது வாசல்ல வந்து கேட்கணும்'னு எழுதினேன் இல்ல? அந்தச் சீட்டுக்காரரும் மாசாமாசம் வாசலுக்கு வந்துதான் கேட்டார். ஒருநாள்கூடத் தவறினதில்லை.

21 அக்டோபர் 2025

தீபாவளி முடிஞ்சுது. காது இன்னும் அடைச்சிருக்கு. சவரன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியாச்சு, அந்தச் சங்கிலியை மீட்காம விட்டிருந்தா என்ன கதின்னு வீட்டுக்காரி தினம் ஒருதரம் கேட்கிறா.

ஜூன்ல பிஎஃப் கூத்து ஒண்ணு இருக்குன்னு சொல்லி விட்டது ஞாபகம் வந்துச்சு. 2008ல கம்பெனி மாறினேன். பழைய பிஎஃப் கணக்கைப் புதுசுக்கு மாத்தியிருக்கணும். நான் 41,000ஐயும் எடுத்து பைக் வாங்கினேன். இடையில பிஎஃப் வட்டி எட்டும் எட்டரையுமாத்தான் இருந்திருக்கு, ஒரு தடவை ஒன்பதரைகூடப் போச்சு. எட்டரைன்னா 72ஐ அதால வகுங்க, எட்டரை வருஷத்துல ரெட்டிப்பு. 17 வருஷத்துல நாலு மடங்கு, 1,64,000. பைக் 2016ல பழைய இரும்புக்குப் போச்சு.

என் சொந்தக் காசை நானே போய், ரெண்டு பாரம் நிரப்பி, கியூவில நின்னு எடுத்துட்டு வந்தேன்.

16 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் அஞ்சு மாசம் கழிச்சுத் தலையைக் காட்டியிருக்கார். குழுக்கடன் ஒண்ணு இருந்துச்சாம், அதை முடிச்சிட்டு, இந்த மாசம் ஆர்டி ஆரம்பிச்சிட்டாராம். எவ்வளவுன்னு கேட்டேன், 500 போடலாம்னு போனாராம், கடைசி நேரத்துல 300 எழுதினாராம்.

அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டிட்டு, "எந்தத் தேதியில ஆரம்பிச்சான், கேளு"ன்னுச்சு.

கேட்டேன். பதினாலாம் தேதி.

"அவனுக்குச் சம்பளம் பத்தாந்தேதின்னியே." விரல் விட்டு எண்ணிச்சு. "பதினஞ்சு வரைக்கும் அஞ்சு நாள். பரவால்ல."